பஞ்சுக்குள் இருந்தவை

அப்பா போனில் முதலில் கேட்டது மீன் தொட்டியைப் பற்றித்தான்.

"எய்யா, வேல நேரமா? ஒண்ணுமில்ல, நம்ம மீன் தொட்டிய இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோணும்னா எப்படிக் கொண்டுபோறது?"

2024 ஏப்ரல். சென்னையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். எந்த வீட்டுக்கு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. பிறகு, "பத்திரம் முடிஞ்சிட்டு" என்றார். சங்கரன்கோவிலில் தாத்தா கட்டிய வீடு கைமாறிவிட்டது எனக்கு இப்படித்தான் தெரியவந்தது.

விற்கப்போகிறார் என்பது தெரியாத விஷயமில்லை. நூல் கடைப் பாக்கி, அக்கா கல்யாணக் கடன், வட்டி எல்லாம் இரண்டு வருஷமாக வீட்டில் அடிபட்ட பேச்சுதான். ஆனாலும் அன்றைக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதனால் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். வீட்டைப் பற்றிப் பேசத் தெரியாத இரண்டு பேர் மீன் தொட்டியைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினோம்.

*

எங்கள் வீடு சங்கரநாராயணர் கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. முன்பக்கம் குடியிருப்பு, பின்பக்கம் தறி செட். ஆறு விசைத்தறி, காட்டன் சேலை. அப்பா தறி ஓட்டுவார், பாவு பிணைப்பார், தறி மக்கர் பண்ணினால் ஸ்பானரோடு அடியில் படுத்துக்கொள்வார். அம்மா தார் சுற்றுவாள். நாடாவுக்குள் போகிற ஊடை நூல் ஒவ்வொரு தாரும் அவள் கையைத் தாண்டித்தான் போகும். அதற்கு நடுவில் சமையல், துவையல், தறிக்காரர்களுக்கு டீ. எங்கள் ஊரில் இப்படிப்பட்ட தெருவில் பிறந்தவர்களுக்குத் தறிச் சத்தம் காதில் விழுவதே இல்லை. அது நிற்கும்போதுதான் 'என்ன ஆச்சு' என்று தலை தூக்குவோம்.

தொட்டி வந்தது 2012-ல். நான் ஒன்பதாம் வகுப்பு. 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தறிக்கு வெல்டிங் வைக்கிறவரே ஸ்டாண்டும் அடித்துக் கொடுத்தார். திருநெல்வேலியில் ஒரு கடையில் மீன் வாங்கி, பாலித்தீன் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு கோல்டு ஃபிஷ், கண்ணாடியில் வாயை ஒட்டவைத்துக்கொண்டு கிடக்கும் ஒரு சக்கர். கோல்டு ஃபிஷ்ஷில் ஒன்று வினோதமாக இருந்தது. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம சங்கரநாராயணம்லா" என்றாள். பாதி சிவன், பாதி பெருமாள். அதோடு வந்த கறுப்பு மீன், கேட்காமலேயே கோமதி ஆகிவிட்டது. சக்கருக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

மீன் வாங்கியது நான். ஆனால் அது அப்பாவின் தொட்டியானது அதே வருஷம். 2012-ல் தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த மின்வெட்டு மறந்திருக்காது. ஒரு நாளைக்குப் 10 மணி நேரம், 12 மணி நேரம் கரண்டு இருக்காது. ஆறு தறியும் ஒன்றாக நிற்கும். தறி நிற்கும்போதே தொட்டியின் காற்று மோட்டாரும் நிற்கும். அப்பா தறியைப் பார்க்கமாட்டார். நேராகத் தொட்டிக்கு வந்து, ஒரு செம்பால் தண்ணீரைக் கோரி ஒரு முழ உயரத்திலிருந்து மறுபடி தொட்டிக்குள்ளேயே ஊற்றுவார். கோருவார், ஊற்றுவார். விழுகிற தண்ணீரில் காற்று கலக்கும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தச் சத்தம் கேட்டு விழித்திருக்கிறேன். "கூலிக்கு வழியில்ல, மீனுக்குக் காத்து வீசுதாவ" என்று அம்மா முனகுவாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து, "குடுங்க, கை வலிக்கும்லா" என்று செம்பை வாங்கிக்கொள்வாள்.

தறி ஓடும்போது தொட்டித் தண்ணீரின் மேற்பரப்பு முழுக்கப் பொடிப்பொடியாக நடுங்கும். மீன்களுக்கு அது தொந்தரவாக இருக்காதா என்று பின்னாளில் தேடிப் படித்தேன். கோல்டு ஃபிஷ் கெண்டைக் குடும்பத்து மீன். கெண்டை வகை மீன்களின் உடம்பில் காற்றுப்பைக்கும் உட்காதுக்கும் நடுவில் சின்னச் சின்ன எலும்புகள் சங்கிலிபோல இருக்கின்றன. 1820-ல் எர்ன்ஸ்ட் வேபர் என்ற ஜெர்மானியர் விவரித்ததால் அவர் பெயரிலேயே வேபர் எலும்புகள் என்கிறார்கள். காற்றுப்பையின் அதிர்வை அவை காதுக்குக் கடத்துகின்றன. மீன்களுக்குள் நன்றாகக் காது கேட்கிற வகையறா இது. ஆக, சங்கரநாராயணனும் கோமதியும் ஆறு தறியையும் பதினோரு வருஷம் கேட்டுக்கொண்டே வளர்ந்திருக்கிறார்கள், எங்களைப் போலவே.

பிறகு தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நூல் விலை ஏறியது, சேலை விலை ஏறவில்லை. இதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை. 2023 மார்ச்சில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை அரசு 1000 யூனிட்டாக உயர்த்தியது. எங்களிடம் அப்போது ஓடியது இரண்டு தறி. அந்த வருஷத்து ஐப்பசியில் அதுவும் நின்று, ஆறும் எடைக்குப் போயின. மூன்று நாள் கழித்து அப்பா போனில், "சத்தமில்லாம மீனுக்கு ஒரு மாதிரி இருக்கு போல. அடியிலேயே கெடக்கு" என்றார். யாருக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. புரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

*

இடம் மாற்றுவதைப் பற்றி அவர் கேட்டதும் நான் தீவிரமாகப் படித்தேன். என்னால் செய்ய முடிந்த உதவி அது ஒன்றுதான்.

முதலில் எடை. எங்கள் தொட்டி கொள்வது சுமார் 120 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடியும் கூழாங்கல்லும் சேர்த்தால் 150 கிலோ தாண்டும். பாதித் தண்ணீரோடு தூக்கினாலும் ஓரத்துப் பசை விட்டுவிடும். முழுக்கக் காலி செய்துதான் தூக்கவேண்டும். இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்திவிடவேண்டும். மீன் பட்டினி தாங்கும். ஆனால் வாளிக்குள் கழிவு போட்டால் அந்தக் கழிவிலேயே அதற்கு மூச்சு முட்டும்.

இதெல்லாம் சுலபம். முக்கியமானது ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சு.

மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருக்கிறது. அம்மோனியா விஷம். ஆற்றில் அது அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியில் எங்கே போகும்? 1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் எங்களைப் போலவே இரண்டு கோல்டு ஃபிஷ், கொஞ்சம் நீர்ச்செடி, அழுகிய இலையைத் தின்ன நத்தைகள் இவற்றை வைத்து, தண்ணீரை மாற்றாமலே மீன் உயிரோடு இருப்பதை எழுதிவைத்தார். செடியும் மீனும் ஒன்றையொன்று காப்பாற்றுகின்றன என்றார். அது பாதி விஷயம். மீதிப் பாதி கண்ணுக்குத் தெரியாதது. 1890 வாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி அதைப் பிரித்துக் காட்டினார். அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றிப் பிழைக்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அந்த நைட்ரைட்டையும் நைட்ரேட்டாக மாற்றிப் பிழைக்கிறவை வேறு இருக்கின்றன. நைட்ரைட்டும் விஷம்தான், மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்துவிடும். கடைசியில் வரும் நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதில்லை. ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு வாழ்பவை. பழுப்பாக, சேறு மாதிரி, பார்த்தால் அழுக்கென்றே தோன்றும். பெருகுவதும் மெதுவாகத்தான். மோரைப் புளிக்கவைப்பவை ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிக்கும் என்றால் இவற்றுக்கு அநேகமாக ஒரு நாள் ஆகும். புதிதாக ஒரு தொட்டி வைத்தால் இவை குடியேறி நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம். குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டால் சாகும், காய்ந்தால் சாகும், காற்றோட்டம் இல்லாமல் மூடிவைத்தால் சில மணி நேரத்தில் சாகத் தொடங்கும். ஆகவே பஞ்சைக் கழுவவே கூடாது, பழைய தொட்டித் தண்ணீரிலேயே ஊறவைத்துத் திறந்த வாளியில் கொண்டுபோகவேண்டும்.

அப்பாவிடம் இதையெல்லாம் மூன்று தடவை சொன்னேன். தறிக் கணக்கு எழுதும் நீள நோட்டில் எழுதிக்கொண்டார். "1. தீனி நிறுத்தம். 2. பழய தண்ணி 60 லிட்டர், 3 கேன். 3. பஞ்சு கழுவக் கூடாது." நான் பிறகு ஊருக்குப் போனபோது அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். மூன்றாவதுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

*

மே மாதத்தில் ஒரு புதன்கிழமை வீடு மாறியது. எனக்கு இரண்டு நாள்தான் லீவு கிடைத்தது. வாடகை வீடு ராஜபாளையம் ரோட்டுப் பக்கம், ஊர் முடிகிற இடத்தில். மூன்று ரூம். நகராட்சிக் குழாய் அந்தத் தெருவுக்கு இன்னும் வரவில்லை, போர் தண்ணிதான். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும்.

அதிகாலையில் அம்மா சாமி படம், உப்பு, மஞ்சள், நிறைகுடம் எல்லாம் கொண்டுபோய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்துவிட்டாள். எட்டு மணிக்குக் குட்டியானை வந்தது. கட்டில், பீரோ, கிரைண்டர் ஏறின. நானும் அப்பாவும் தொட்டியோடு நின்றோம். கேன்களில் தண்ணீரை நிரப்பினோம். மீன்களை இரண்டு பெயிண்ட் வாளியில் விட்டோம். சக்கர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. தண்ணீர் வற்றி முதுகு வெளியே தெரிகிற வரைக்கும் கண்ணாடியை விடாமல் பிடித்துக்கொண்டு கிடந்தது. அப்பா துண்டை நனைத்து அதன்மேல் போட்டு, "வா, வா, எல்லாரும்தான் போறோம்" என்று மெதுவாகப் பிரித்து எடுத்தார்.

ஸ்டாண்டை நகர்த்தியதும் சுவரில் அது இருந்த இடம் தெரிந்தது. பன்னிரண்டு வருஷத்து வெள்ளையடிப்பு எதுவும் படாமல், தாத்தா காலத்து நீலம் ஒரு சதுரமாக அங்கே இருந்தது. அப்பா அதைப் பார்த்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். குட்டியானையில் மீனை ஏற்றச் சம்மதிக்கவில்லை. ஆட்டோ பிடித்து, ஒரு வாளியை மடியிலும் ஒன்றைக் காலுக்கு நடுவிலும் வைத்துக்கொண்டார். கோயில் முன்னால் போகும்போது எப்போதும் கையெடுத்துக் கும்பிடுகிறவர், அன்றைக்கு இரண்டு கையாலும் வாளியைப் பிடித்திருந்ததால் தலையை மட்டும் குனிந்தார்.

பஞ்சும் கூழாங்கல்லும் இருந்த வாளியைக் கடைசி நடைக்கென்று பின்வாசலில், நிழலில் வைத்திருந்தேன். மூடக்கூடாது என்பதால் திறந்தே வைத்தேன்.

மத்தியானத்துக்குள் புது வீட்டில் தொட்டி தயார். பழைய தண்ணீர் பாதி, மருந்து கலந்த போர் தண்ணீர் மீதி. கடைசி நடையில் வந்த பஞ்சை அப்பா எடுத்துப் பொருத்தினார். நான் அப்போது தொட்டி மட்டமாக நிற்கிறதா என்று தீக்குச்சி அட்டையை ஸ்டாண்டுக்கு அடியில் சொருகிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது மீன்கள் மெதுவாகச் சுற்றிவந்தன. தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அவ்வளவு தெளிவாக எங்கள் தொட்டியை நான் அதுவரை பார்த்ததேயில்லை. சந்தோஷமாகப் போட்டோ எடுத்தேன். அந்தத் தெளிவைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். அன்று இரவே பஸ் ஏறினேன்.

*

நான்காம் நாள் அப்பா வீடியோவில் காட்டினார். இரண்டு கோல்டு ஃபிஷ்ஷும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கோமதியின் செவுள் ஓரம் சிவந்திருந்தது. சென்னையிலிருந்து கூரியரில் நான் அனுப்பிய தண்ணீர் பரிசோதனைக் கிட் மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீர், அதில் சில சொட்டு மருந்து, ஐந்து நிமிஷம். வருகிற நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். அம்மோனியா இல்லையென்றால் மஞ்சள், ஏற ஏறப் பச்சை.

முப்பது வருஷம் சேலைக்கு நிறம் பார்த்த கண்ணுக்கு அட்டை தேவைப்படவில்லை. "மஞ்சளே இல்லய்யா. நல்ல கிளிப்பச்சை" என்றார்.

எனக்கு உடம்பு சில்லென்றது. பழைய தண்ணீர் பாதி இருக்கிறது, பஞ்சு இருக்கிறது, கல் இருக்கிறது. அம்மோனியா ஏற வழியே இல்லை. ஒரே ஒரு வழிதான் உண்டு.

"அப்பா, பஞ்ச யாரும் கழுவுனீங்களா?"

போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் வந்துகொண்டிருந்தது, அது நின்றது. அப்பா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "நாந்தான்யா, ஞாபகமில்லாம லேசா அலசிட்டேன்" என்றார்.

நான் கத்தினேன். எழுதிக்கொள்ளச் சொன்னேனே, மூன்று தடவை சொன்னேனே, இரண்டு நாள் லீவு போட்டு எதற்கு வந்தேன் என்றெல்லாம். வீட்டை விற்றபோது அவரிடம் ஒரு வார்த்தை கேட்காதவன், பஞ்சுக்காக அவ்வளவு பேசினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிய்யா, இப்ப என்ன செய்யணும்னு சொல்லு" என்றார்.

செய்வதற்கு இருந்தது ஒன்றுதான். பாக்டீரியா மறுபடி குடியேறுகிற வரைக்கும் தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றவேண்டும். அதிலும் போர் தண்ணீர் ஆகாது. காரத்தன்மை கூடிய தண்ணீரில் அதே அளவு அம்மோனியா பல மடங்கு விஷமாகும். நல்ல தண்ணி வேண்டும். தாமிரபரணியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஊருக்கு வருகிற தண்ணி, எங்கள் பழைய தெருக் குழாயில் வருவது.

அப்பா சைக்கிளில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடம் கட்டிக்கொண்டு, விற்ற வீட்டின் தெருவுக்குப் போனார். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். வருகிற அன்றைக்கு மூன்று நடை. தெருவில் எல்லோரும் தெரிந்தவர்கள். "என்ன அண்ணாச்சி, அங்க தண்ணி இல்லயா?" என்று கேட்பார்கள். மீனுக்கு என்று சொல்லமுடியுமா? "ஆமா, அங்க உப்பா இருக்கு" என்பாராம். வீட்டை வாங்கியவர்கள் பின்பக்கத் தறி செட்டை இடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. குழாயில் குடம் நிறைகிற வரைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் நின்றிருக்கிறார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. ராஜபாளையத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன அக்கா சொன்னாள்.

கொண்டுவந்த தண்ணீரை ஒருநாள் திறந்துவைத்து, மருந்து கலந்து, தொட்டியில் ஊற்றினார். ஆனாலும் ஆறாம் நாள் காலையில் போன் வந்தது.

"கோமதி போயிட்டுய்யா."

*

இரண்டாவது வாரம் அம்மோனியா இறங்கத் தொடங்கியது, நைட்ரைட் ஏறியது. அந்தச் சோதனையில் நீலம் இருந்தால் நல்லது, ஊதா ஆனால் கெட்டது. அப்பா தினமும் ராத்திரி நிறத்தைச் சொல்லுவார். "இன்னைக்கு வாடாமல்லி." "இன்னைக்கும் வாடாமல்லிதான், கொஞ்சம் வெளுத்திருக்கு." கல் உப்பு லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கரைத்துவிடச் சொன்னேன். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவதைத் தடுக்கும். மீனுக்குச் செய்யும் வைத்தியத்தில் சமையலறையிலேயே கிடைப்பது அது ஒன்றுதான். ஆறாவது வாரம் ஒரு ராத்திரி, "ஆகாச நீலம்" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஆறு வாரத்தில் நாங்கள் பேசிக்கொண்ட அளவுக்கு அதற்குமுன் ஆறு வருஷத்தில் பேசியதில்லை.

ஆடித்தபசுக்கு ஊருக்குப் போனேன். சிவன் பெரியவரா பெருமாள் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் என்ற இரண்டு நாகர்கள் சண்டை போட, இரண்டு பேரும் ஒன்றுதான் என்று காட்டச் சொல்லிக் கோமதி அம்மன் தவம் இருக்க, ஆடி உத்திராடத்தன்று சாமி ஒரே உடம்பில் பாதியும் பாதியுமாகக் காட்சி தந்தார் என்பது எங்கள் ஊர்க் கதை. தபசுக்கு வராதவன் சங்கரன்கோவில்காரன் இல்லை. கூட்டத்தில் நசுங்கிச் சாமி பார்த்துவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா முன்னாலேயே சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்துவிட்டார். அம்மா எனக்குத் தோசை போட்டுக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"எய்யா, பஞ்ச அவிய கழுவல. நாந்தான் கழுவுனேன்."

நான் பேசவில்லை.

"பின்வாசல்ல வாளியில கெடந்துச்சு. நாத்தம். புது வீட்டுக்கு இந்த அழுக்கோடயா கொண்டுபோறதுன்னு சோப்புத்தூள் போட்டுக் கசக்கி, நாலு தடவ அலசி, வெயில்ல வச்சு எடுத்தேன். கல்லையும் அரிச்சு அரிச்சுக் கழுவுனேன். அன்னைக்கு எனக்கு எதையாவது கழுவிக்கிட்டே இருந்தாப் போதும்னு இருந்துச்சு. வித்த வீட்டையே ரெண்டு தடவ கழுவிவிட்டுட்டுத்தான் வந்தேன். வாரவுக என்ன நெனைப்பாவ?"

தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"அவிய நாந்தான்னு சொன்னப்போ எனக்கு அங்ஙனயே செத்துரலாம்போல இருந்துச்சு. கழுவக்கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லலியேய்யா."

உண்மை. அப்பாவிடம் மூன்று தடவை சொன்னேன். வினோகிராட்ஸ்கியைப் பற்றிக்கூடச் சொன்னேன். அந்த வீட்டில் கழுவுகிற, துடைக்கிற, அள்ளுகிற ஒவ்வொரு வேலையும் யார் கையில் நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் பஞ்சைப் பற்றிச் சொல்லவேண்டிய ஆள் அவள் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எப்படி ஒரு தொட்டியைத் தாங்குகின்றன என்று ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தவன் நான். கோமதியைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு அப்பா ஒரு பதில் சொன்னார், அம்மா ஒரு பதில் சொன்னாள். மூன்றாவது பதிலை நான் இங்கேதான் எழுதுகிறேன்.

அன்றைக்குத் தோசைக்கல்லை இறக்கிவைத்த பிறகு அவளைத் தொட்டி முன்னால் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பாக்டீரியா என்ற சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை, 'பூச்சி' என்றே வைத்துக்கொண்டோம். முதல் பூச்சி விஷத்தை வேறு விஷமாக்கும், இரண்டாவது பூச்சி அதைச் சாதுவாக்கும். கேட்டுவிட்டு அப்பா ஒருமுறைகூடக் கேட்காததைக் கேட்டாள்.

"அப்போ அதுகளுக்குச் சாப்பாடு?"

"மீன் விடுற கழிவுதாம்மா."

"அப்போ மீன் இல்லாட்டா அதுகளும் பட்டினில்லா? வீடு மாறுத அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் மீன் ஒரு பக்கம், அதுக ஒரு பக்கம்."

சரியாகப் பிடித்துவிட்டாள். உற்சாகத்தில் இன்னொன்றும் சொன்னேன். இந்த வேலைக்கு இரண்டு வகைப் பூச்சி வேண்டும் என்றுதான் நூறு வருஷத்துக்கும் மேலாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2015-ல்தான் இரண்டு வேலையையும் ஒரே உடம்பில் செய்கிற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன. அதில் நெதர்லாந்துக் குழு கண்டெடுத்தது ஒரு மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டரிலிருந்து.

அம்மா தொட்டிக்குள் பார்த்தாள். பாதி வெள்ளையும் பாதி சிவப்புமாகச் சங்கரநாராயணன் திரும்பிக்கொண்டிருந்தது. "ரெண்டும் ஒண்ணுலயே இருக்கும்னு கண்டுபிடிக்க நூறு வருஷமா? இங்க ஆடி மாசம் வந்திருந்தா நாங்களே சொல்லியிருப்போமே" என்றாள். வீடு விற்ற பிறகு அவள் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு இன்னொன்றையும் ஒப்புக்கொண்டாள். மீன் துடித்த நாளில் கோயில் புற்று மண்ணை ஒரு சிட்டிகை தொட்டியில் போட்டிருக்கிறாள். "அதுவும் தப்பாய்யா?" என்றாள். தப்பில்லை என்றேன். கோமதியைச் சேலைத் துண்டில், நம் தறியில் நெய்தது, சுற்றி எதிர்க் காலிமனையில் வேப்பங்கன்று பக்கத்தில் புதைத்தார்களாம். குழி தோண்டியது அப்பா. செம்பில் தண்ணீர் ஊற்றியது அவள்.

இப்போது தொட்டி அம்மாவின் பொறுப்பு. மாதம் ஒரு தடவை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு சட்டியில் ஊற்றி, பஞ்சை அதில் இரண்டே இரண்டு பிழி பிழிந்து, பழுப்பு நிறம் போகாமல் அப்படியே திரும்ப வைத்துவிடுகிறாள். அப்பாவைத் தொடவிடுவதில்லை. "அவியளுக்குக் கை அழுத்தம் ஜாஸ்தி, பூச்சி செத்துரும்" என்கிறாள். அப்பா ஊரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குப் போகிறார். நிறம் பார்த்துச் சேலை எடுத்துக்கொடுக்கிற வேலை. பழைய தெருவுக்குத் தண்ணீர் எடுக்க வாரம் ஒருமுறை இன்னும் போகிறார். இப்போதெல்லாம் மீனுக்கு என்றே சொல்லிவிடுகிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் பண்ணுவேன். சாப்பிட்டாயா, மழை உண்டா, அக்கா வந்தாளா என்று பேசி முடித்து வைக்கப்போகும்போது, முன்பெல்லாம் "மீன் நல்லாருக்கா?" என்று நான் கேட்பேன். இப்போது கேட்கவேண்டியதில்லை. அம்மாவே சொல்லிவிடுகிறாள்:

"பூச்சியெல்லாம் நல்லாருக்குய்யா."